படிக்கட்டு இல்லாத பட்டியல்

என் அக்காவைக் கட்டிக்கொண்டவருக்கு இந்த உலகத்தில் உருப்படியாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: ஒரு சாமான் ஒரு வாசல் வழியாகப் போகுமா, போகாதா என்பது. மற்றபடி அவருக்குத் தன் பிறந்த நாள் நினைவிருக்காது. கடைக்கு அனுப்பினால் சொன்னதைத் தவிர மற்றதெல்லாம் வாங்கி வருவார். முதல்முறை எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, அக்காவை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் கூடத்தில் நின்ற பீரோவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இத உள்ள வச்சுட்டு அப்புறம்தான் கதவு நிலைய வச்சிருக்காங்க" என்றார். உண்மைதான். அப்பா அசந்துபோனார். அக்காவும் அசந்துதான் போயிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்த மனிதரை எதற்குக் கட்டிக்கொள்கிறாள்.

அத்தான் ஒரு மரச்சாமான் நிறுவனத்தில் சாமான் கொண்டுபோய் இறக்கும் குழுவுக்குத் தலைவர். குழு என்றால் பெரிய படை ஒன்றுமில்லை. அத்தான், ஒரு டிரைவர், தாடி என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு பலசாலி, அவ்வளவுதான். இருபத்திரண்டு வருடமாகச் சோபா, கட்டில், அலமாரி என்று ஊரார் வீட்டுக்குச் சுமந்துகொண்டிருக்கிறார். கிடங்கில் அவருக்கு அங்குலம் என்று பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது.

அவருடைய வேலை முறையைச் சொன்னால்தான் மற்றது புரியும். வண்டி ஒரு வீட்டு வாசலில் நின்றதும் சோபாவை இறக்க விடமாட்டார். முதலில் தான் மட்டும் வெறுங்கையோடு மாடி ஏறுவார். சும்மா ஏறுவதில்லை. இரண்டு கையையும் அகல விரித்து, கண்ணுக்குத் தெரியாத சோபாவின் ஒரு முனையைப் பிடித்தபடி, முதுகு முன்னால் போக, பின்புறமாகவே படி ஏறுவார். திருப்பத்தில் நின்று, இல்லாத சோபாவை நிமிர்த்துவார், கைப்பிடிக் கம்பிக்கு மேலே தூக்குவார், நிஜமாகவே மூச்சு வாங்குவார். வீட்டுக்காரர்கள் பயந்து குழந்தைகளை உள்ளே கூப்பிட்டுக்கொள்வார்கள். நான்கு நிமிடம் கழித்துக் கீழே வந்து தாடியிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்வார். "போவும்." அல்லது, "போவாது." அந்த வார்த்தை பொய்த்து யாரும் பார்த்ததில்லை.

போகாது என்றால், வண்டியில் வைத்திருக்கும் காகிதத்தில் 'காரணம்' என்ற இடத்தில் எழுதுவார். அதில் நாலு கோடுதான் இருக்கும். அத்தான் பின்பக்கமும் எழுதுவார். "இரண்டாம் மாடித் திருப்பம். கம்பி உட்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. மூன்றங்குலம் போதவில்லை. வீட்டுக்கார அம்மா நல்லவர், வருத்தப்பட்டார்." அலுவலகத்தில் இதைச் சத்தமாகப் படித்து எல்லோரும் சிரிப்போம். படித்தோம் என்பதுதான் அதில் முக்கியம். அது அப்போது என் மரமண்டையில் ஏறவில்லை.

அலுவலகத்தில் 'எல்லோரும்' என்றதில் நானும் அடக்கம். அதே நிறுவனத்தின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எனக்கு அந்த வேலையை வாங்கித் தந்தவரே அத்தான்தான். "என் மச்சினன் கம்ப்யூட்டர்ல கெட்டிக்காரன்" என்று முதலாளி வரைக்கும் போய்ச் சொல்லியிருக்கிறார். அதன் பலனை அவரே அனுபவிக்கும்படி நான் பார்த்துக்கொண்டேன்.

எங்கள் இணையதளத்தில் முன்பெல்லாம் சோபாப் படமும் விலையும் மட்டும்தான் இருக்கும். ஒரு நாள் நான் அதில் ஒரு பொத்தான் வைத்தேன். 'உங்கள் அறையில் பாருங்கள்' என்று அதற்குப் பெயர். அதைத் தொட்டுவிட்டு ஃபோனை உங்கள் கூடத்துக்கு நேராகப் பிடித்தால், சோபா உங்கள் சுவரோரமாக வந்து உட்கார்ந்துகொள்ளும். விரலால் திருப்பலாம், நிறம் மாற்றலாம், துணி மாற்றலாம், படமெடுத்துச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பி ஓட்டெடுப்பு நடத்தலாம். ஜனங்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. ஒரு பெண்மணி ஒரே மதியத்தில் பதினான்கு சோபாக்களைத் தன் குளியலறையில் போட்டுப் பார்த்தார். இன்னொருவர் தூங்கும் மாமனாரை அப்புறப்படுத்தாமல் அவர் மேலேயே ஒன்றைப் போட்டு, படத்தை எங்களுக்கே அனுப்பினார். முன்பு ஒரு சோபா விற்க வேண்டுமென்றால் கடையில் ஒரு ஆள் நின்று, டீ வாங்கிக் கொடுத்து, வந்தவர்களின் குழந்தை அழகாயிருக்கிறது என்று பொய் சொல்ல வேண்டும். இப்போது அவரவர் வீட்டை அவரவரே பார்த்து மயங்கிக்கொண்டார்கள்.

கூடவே தளத்தின் மூலையில் தோழி என்று ஒரு பெண்ணை வைத்தோம். பெண் என்றால் பெண்ணில்லை; யார் என்ன கேட்டாலும் தானாகவே பதில் எழுதும் ஒரு சின்னப் பெட்டி. எதற்கும் கோபமே வராது, எதுவும் புரியவும் புரியாது. விற்பனை இரண்டு மடங்கானது. 'வாடிக்கையாளர் அனுபவம்' என்ற பிரிவுக்கு ஒரு மேலாளர் உண்டு. அந்தச் சொல்லை வாய்க்கு வாய் சொல்வதால் அவருக்கு அனுபவம் என்றே பெயராகிவிட்டது. அவர் மகிழ்ந்துபோய் என் மேசைக்கு ஒரு தொட்டிச் செடி கொடுத்தார்.

இதில் ஒரு சின்ன விஷயத்தை நான் யோசிக்கவில்லை. என் பொத்தான் அறையைப் பார்க்கும். அறைக்குள் சோபா எப்படி வந்தது என்று பார்க்காது. ஃபோனில் அது வானத்திலிருந்து குதிக்கிறது. நிஜத்தில் அதற்குப் படிக்கட்டு என்று ஒன்று இருக்கிறது, அந்தப் படிக்கட்டுக்குத் திருப்பம் என்று ஒன்று இருக்கிறது. முன்பு கடைக்கு வருகிறவர்களிடம் எத்தனாவது மாடி, படி அகலமா என்று நாலு கேள்வி கேட்டு அனுப்புவார்கள். இப்போது கேட்க ஆளில்லை. மூன்று பேர் உட்காரும் சோபாக்கள் நான்காவது மாடிகளுக்கு வரிசையாகப் புறப்பட்டன.

அதே வேகத்தில் அத்தானின் காகிதத்தையும் பிடுங்கிக்கொண்டு ஃபோனில் ஒரு படிவம் கொடுத்தேன். சாமானை இறக்க முடியவில்லை என்றால் காரணத்தை ஒரு பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டியலில் மூன்றே மூன்று. 'வாடிக்கையாளர் வீட்டில் இல்லை.' 'முகவரி தவறு.' 'ஊழியர் தரப்புக் குறைபாடு.' நான்காவதாக 'மற்றவை' என்று ஒன்றைப் போட்டு, எழுத ஒரு கட்டமும் வைக்கத்தான் இருந்தேன். "மூணுக்கு மேல போனா யாரும் படிக்கமாட்டாங்க" என்றார் அனுபவம். நான் வாதாடியிருக்கலாம். ஆனால் மணி ஒன்றரை, எனக்குப் பசி. எடுத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

அத்தான் படிவத்தைப் பார்த்த முதல் நாள் நடந்ததைத் தாடி பிற்பாடு எனக்குச் சொன்னான். ஐந்தாவது மாடி, போகாது. அத்தான் ஃபோனை எடுத்து மூன்று வரியையும் இரண்டு முறை படித்திருக்கிறார்.

"வீட்ல இல்லன்னு போட்டுடுங்கண்ணே. யாரு வந்து பாக்கப் போறாங்க" என்றிருக்கிறான் தாடி.

"எதிர்ல நின்னு தண்ணி குடுக்குறாங்கடா. இல்லன்னு எப்படிப் போடுறது?"

"அப்ப முகவரி தப்புன்னு போடுங்க."

"தப்பான முகவரிக்கா இவ்வளவு தூரம் வந்து தண்ணி குடிச்சோம்?"

இரண்டும் பொய். பாக்கி இருப்பது ஒன்று. அத்தான் 'ஊழியர் தரப்புக் குறைபாடு' என்பதைத் தொட்டார். அடுத்த வீட்டிலும் தொட்டார். ஐந்து மாதத்தில் அறுபத்து நான்கு முறை தன் கட்டைவிரலால் தன்னையே குற்றவாளியாக்கிக்கொண்டார். மற்ற இரண்டு குழுக்களும் விவரமானவர்கள். அவர்கள் கணக்குப்படி ஊரில் பாதிப் பேர் வீட்டிலேயே தங்குவதில்லை. அனுபவம் அந்தக் கணக்கை நம்பி, நம் வாடிக்கையாளர்கள் ஓயாமல் வெளியே சுற்றுகிறவர்கள் என்று முடிவுகட்டி, அவர்களுக்காகப் பயணப் பை விற்கலாமா என்று ஒரு கூட்டமே போட்டார்.

ஐந்தாம் மாத முடிவில் அத்தானுக்கு ஒரு கடிதம் வந்தது. மற்ற குழுக்களுக்குக் குறைபாடு ஒன்று, இரண்டு என்றிருக்க, இவருக்கு அறுபத்து நான்கு. கவனக்குறைவு. திங்கட்கிழமை பரிசீலனை. திருப்தியான விளக்கம் இல்லையென்றால் குழுத் தலைமையிலிருந்து எடுத்து, கிடங்கில் உட்கார்ந்து அட்டைப்பெட்டிக்கு நாடா ஒட்டும் வேலை தரப்படும். அக்கா கடிதத்தை என்னிடம் காட்டியபோது, மேலிடத்தில் யாரோ அத்தானைப் பிடிக்காமல் செய்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். அந்த யாரோ நான்தான் என்று தோன்றவே இல்லை.

அத்தான் யாரையும் குறை சொல்லவில்லை. அதுதான் என்னைக் கலவரப்படுத்தியது. "அவங்கல்லாம் எப்படியோ ஏத்திடுறாங்க மாப்ள" என்றார். "அதே வீடுங்கதான், அதே சோபாதான். எனக்குத்தான் வழி தெரியல. வயசாச்சுல்ல, கண்ணு கணக்கு தப்புது போல." அதற்கப்புறம் வீட்டில் பயிற்சி எடுக்க ஆரம்பித்தார். சாப்பாட்டு மேசையைப் படுக்கையறைக்குள் கொண்டுபோய், திரும்பக் கொண்டுவந்து, மறுபடி வேறு கோணத்தில் கொண்டுபோவார். அக்கா இரண்டு நாள் நின்றுகொண்டே சாப்பிட்டாள். மூன்றாம் நாள், "இந்த மேசை இனி நகர்ந்தா நான் நகர்ந்துடுவேன்" என்றாள். அத்தான் நிறுத்தினார். ஆனால் நடக்கும்போதெல்லாம் நிலைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடியே போனார்.

மனிதரைச் சிரிக்க வைக்கலாம் என்று எனக்கு ஒரு யோசனை. அந்த வாரம் அவர்களுடைய கல்யாண நாள். இருவரும் இல்லாத நேரத்தில் போய், கூடத்தில் நின்று, என் பொத்தானைத் தொட்டேன். சாம்பல் நிறம், மூன்று பேர் உட்காருவது, ஜன்னலோரம். அம்சமாக இருந்தது. அங்கேயே நின்று ஆர்டர் போட்டேன். அக்கா வீடு இரண்டாவது மாடி. அந்தப் படியில் நான் பதினொரு வருடமாக ஏறி இறங்குகிறேன். அது எனக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. சொன்னேனே, கம்ப்யூட்டரில் கெட்டிக்காரன்.

சனிக்கிழமை மதியம் வண்டி வந்தது. அத்தானுக்குத் தன் வீட்டு விலாசத்தை வேலைச் சீட்டில் பார்த்ததும் ஒன்றும் புரியவில்லை. நான் வாசலில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். "கல்யாண நாள் பரிசு அத்தான்" என்றேன். அவர் சோபாவைப் பார்த்தார், மாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வெறுங்கையோடு ஏறப் போகவில்லை. தன் வீட்டுப் படிதானே, எதற்கு.

"போவாது" என்றார் தாடியிடம். உடனே, "இல்ல, இரு. அவங்கல்லாம் ஏத்துறாங்கல்ல. தூக்கு, பாப்போம்" என்றார்.

இருபத்திரண்டு வருடத்தில் 'போவாது' என்று சொன்னதை அவர் தூக்கியது அதுதான் முதல் முறை. முதல் மாடி போனது. திருப்பத்தில் சோபா ஒரு பக்கம் சுவரிலும் மறுபக்கம் கம்பியிலும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. அத்தான் மேல்பக்கம், தாடி கீழ்ப்பக்கம். மாடியில் குடியிருக்கும் வாத்தியார் இறங்கி வந்து, வழியில்லாமல், சோபாவிலேயே ஏறி உட்கார்ந்து, "நல்லாத்தான் இருக்கு, மெத்துன்னு" என்றார். அவரை இறக்கவே கால் மணி நேரமானது.

அக்கா மேல்படியில் வந்து உட்கார்ந்தாள். ஆர்டரில் நான் அவள் எண்ணைத்தான் கொடுத்திருந்தேன். அவள் ஃபோன் ஒலித்தது. தோழி.

'வணக்கம். உங்கள் புதிய சோபா எப்படி இருக்கிறது?'

அக்கா தட்டினாள்: 'படியில் மாட்டிக்கிட்டிருக்கு.'

'மிக்க மகிழ்ச்சி. ஒரு படம் எடுத்துப் பகிருங்கள்.'

'என் புருஷனும் கூட மாட்டிக்கிட்டிருக்காரு.'

'இத்துடன் சேர்த்து மற்றவர்கள் வாங்கும் பொருள்களைக் காண விரும்புகிறீர்களா?'

'வேணாம். இருக்கிறதே போதும்.'

'திருப்பி அனுப்ப விரும்பினால் ஆம் என்று தொடவும். பயன்படுத்திய பொருளைத் திருப்பி எடுத்துக்கொள்ள இயலாது என்பதை அன்புடன் தெரிவிக்கிறோம்.'

அக்கா அதை இரண்டு முறை படித்தாள். பிறகு சோபாவுக்குப் பின்னால் வியர்த்து நின்ற அத்தானைப் பார்த்து, "உங்களத் திருப்பி எடுத்துக்க மாட்டாங்களாம்" என்றாள். தாடி சிரித்ததில் அவன் பக்கம் ஓரங்குலம் இறங்கியது. அந்த ஓரங்குலத்தில்தான் சோபா விடுபட்டது. இறக்கி வண்டியில் ஏற்றினார்கள்.

அதன் பிறகுதான் அத்தான் ஃபோனை எடுத்தார். நான் பக்கத்தில் நின்றேன். நான் செய்த படிவத்தை அதற்கு முன் நான் ஒரு படிக்கட்டில் நின்று பார்த்ததில்லை. வாடிக்கையாளர் வீட்டில் இல்லை. அக்கா மேலே உட்கார்ந்திருக்கிறாள். முகவரி தவறு. அவர் வீட்டுச் சாவி அவர் சட்டைப்பையிலேயே இருக்கிறது. அத்தானின் கட்டைவிரல் மூன்றாவது வரிக்கு இறங்கியது. ஒரு நொடி நின்றது. தொட்டது. அறுபத்தைந்து. "சரி, வாங்க, அடுத்த வீடு" என்று வண்டியில் ஏறிக்கொண்டார்.

எனக்கு அப்போதே எல்லாம் விளங்கிவிட்டது. சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்ப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தேன். சொன்னால் பொத்தானைப் பற்றிக் கேட்பார்கள், படிவத்தைப் பற்றிக் கேட்பார்கள், செடி போய்விடும். இவ்வளவுதான் என் கவலை. இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அப்போது பயம்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் திங்கட்கிழமைக்காகச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கிடங்கில் உட்கார்ந்து வேலை செய்தால் முட்டிக்கு நல்லது என்று அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் உட்காராமலே சொல்ல ஆரம்பித்தேன்: மூன்று வரி, பசி, மற்ற குழுக்கள் 'வீட்டில் இல்லை' என்று போட்டது, எல்லாவற்றையும். பாதியில் அக்கா தேய்ப்புப் பெட்டியை அத்தான் கையிலிருந்து வாங்கி எட்ட வைத்தாள். அத்தானுக்காக வைத்தாளா, எனக்காக வைத்தாளா என்று தெரியவில்லை.

அத்தான் பாதி தேய்த்த சட்டையை மடித்து வைத்தார். பிறகு, "அப்ப அவங்களும் ஏத்தலயா?" என்றார்.

"இல்ல அத்தான். ஒருத்தரும் ஏத்தல. பொய் போட்டிருக்காங்க."

"அஞ்சு மாசமா எனக்குக் கண்ணு போச்சுன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அதைச் சொல்லிவிட்டு அவர் கதவு நிலையைப் பார்த்தார், நிம்மதியாக, தொடாமல். எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்காதான் முதலில் நிலைக்கு வந்தாள். "அழுது என்னத்தடா கிழிக்கப் போற. நாளைக்கு என்ன செய்யலாம்னு சொல்லு" என்றாள்.

குறைபாடு என்று விழுந்த அறுபத்தைந்து ஆர்டர்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். ஆர்டர் எண்ணும் தெருவும் மட்டும்தான் அதில் இருந்தன. நான் ஒவ்வொன்றாகப் படித்தேன். அத்தான் கண்ணை மூடிக்கொண்டார்.

"பதினாலாவது?"

"பச்சக் கலரு. நாலாவது மாடி. திருப்பத்துல தண்ணிக் குழா ஒண்ணு போவும். ரெண்டங்குலம்."

"பதினஞ்சு?"

"அது கட்டிலு. படி அகலந்தான், மேல் தளம் தணிவு. தலையில இடிக்குது. ஒன்ற அங்குலம். அந்தப் பாட்டுக்கார அம்மா வீடு."

இப்படியே போனது. அத்தனை படிக்கட்டுகளும் அந்த மனிதர் தலைக்குள் அடுக்கி வைத்தபடி இருந்தன. தன் பிறந்த நாளுக்கு மட்டும் அங்கே இடமில்லை. நடுவில் இரண்டு இடத்தில் கண்ணைத் திறந்தார். "இருபத்தெட்டும் முப்பத்தொம்பதும் படி இல்ல. ஒண்ணுல சோபாக் கால ஒடச்சிட்டோம், இன்னொண்ணுல மழையில துணி நனைஞ்சிடுச்சு. நம்ம தப்பு."

"அதையும் படின்னே போட்டுடலாம் அத்தான். யாரு கேக்கப் போறா?"

"வேணாம். அது அப்படியே இருக்கட்டும்."

அவர் சொன்னதை நம்புவதற்கு எனக்குச் சாட்சி வேண்டியதில்லை. அனுபவத்துக்கு வேண்டும். மதியம் முழுக்க வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டுப் பேசினேன். இருபது பேர் எடுத்தார்கள். இருபது பேரும் படியைத்தான் சொன்னார்கள். ஒரு அம்மா மட்டும், "கைய விரிச்சுக்கிட்டுத் தனியா ஏறி வந்தாரே, அவரா? பாவம், இப்ப அவருக்குத் தேவலையா?" என்று விசாரித்தார்.

திங்கட்கிழமை அனுபவத்தின் அறைக்கு இருவரும் போனோம். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"கணக்கு ஒண்ணு சொல்லுது, நீங்க ஒண்ணு சொல்றீங்க."

"கணக்குல படிக்கட்டே இல்ல சார். நான்தான் வைக்கல."

"ரெண்டங்குலம், மூணங்குலம்னு இவர் சும்மா கண்ணால பாத்தே சொல்றாரா? அத எப்படி நம்புறது?"

அத்தான் எழுந்தார். "சார் ஒரு நிமிஷம் வரீங்களா? அந்தப் பக்கத்த நீங்க புடிங்க" என்றார்.

அலுவலகப் படிக்கட்டில் அன்று நடந்ததைப் பார்க்க நாற்பது பேர் கூடிவிட்டார்கள். மேல்முனையை அத்தான் பிடித்துக்கொண்டார், கீழ்முனையை அனுபவம். நடுவில் ஒன்றுமில்லை. "என்ன சோபான்னு நெனச்சுக்கணும்?" என்று கேட்டார் அனுபவம். "சாம்பல் கலரு, மூணு பேர் சோபா" என்றார் அத்தான். ஏறினார்கள். முதல் ஆறு படியில் அனுபவம் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார். ஏழாவது படியில் அத்தான், "சார், தாழ்த்துறீங்க. பாரம் எல்லாம் உங்க பக்கம் வந்துடும்" என்றார். அனுபவம் கையை உயர்த்திக்கொண்டார். திருப்பத்தில் அத்தான் நிமிர்த்தச் சொன்னார். நிமிர்த்தினார். "இப்ப சுவத்துப் பக்கம் திரும்புங்க. மெதுவா. கை சார், கை இடிக்கும்."

அனுபவம் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். பிறகு காலியாயிருந்த கையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். நெற்றியில் வியர்வை. சிரிக்க யாருக்கும் தைரியமில்லை.

"போகாது, இல்ல?" என்றார்.

"போவாது சார். ரெண்டர அங்குலம்."

"எறக்கிடலாமா?"

"எறக்கிடலாம் சார். மெதுவா வையுங்க."

நாற்பது பேர் பார்க்க, இருவரும் இல்லாத சோபாவைக் கீழே கொண்டுவந்து, தரையில் வைத்தார்கள். அனுபவம் குனிந்து வைத்தார் என்பதை நான் சத்தியம் செய்து சொல்வேன். கடிதத்தை அன்றே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அத்தான் கணக்கில் குறைபாடு இரண்டு என்று நின்றது. அந்த இரண்டைப் பற்றி யாரும் கேட்காதபோதும் அத்தானே சொன்னார்.

எனக்கு ஒரு எச்சரிக்கை வந்தது, செடி போனது. அந்த மாதம் முழுக்க உட்கார்ந்து பொத்தானைத் திருத்தினேன். இப்போது அது சோபாவை நேராகக் கூடத்தில் போடாது. ஃபோனைப் பிடித்துக்கொண்டு நீங்கள் தெரு வாசலில் தொடங்க வேண்டும். சோபாவின் ஒரு முனையைப் பிடித்தவர்போல நீங்கள் ஏற, அது எதிரே மிதந்தபடி கூடவே வரும். எங்கே இடிக்கிறதோ அங்கே சிவக்கும். ஊர் முழுக்க ஜனங்கள் ஃபோனை நீட்டிக்கொண்டு பின்புறமாகப் படி ஏறுகிறார்கள். இப்போது அவர்களைப் பார்த்து யாரும் குழந்தைகளை உள்ளே கூப்பிடுவதில்லை. விற்பனை கொஞ்சம் குறைந்தது, திரும்பி வருவது ரொம்பக் குறைந்தது. இது தன் யோசனைதான் என்று அனுபவம் ஒரு மாநாட்டில் பேசிவிட்டு வந்தார். அத்தானிடம் சொன்னேன். "பேசட்டும், அவரும் ஒரு முனையப் புடிச்சாருல்ல" என்றார்.

படிவத்திலும் நான்காவது வரியைச் சேர்த்தேன். ஒரே சொல்: 'படிக்கட்டு.' அதைப் போட்ட அன்று காலை பதினொரு மணிக்கு அத்தான் கூப்பிட்டார். பழைய ஆர்டர் ஒன்று, பொத்தானைத் திருத்துவதற்கு முன்னால் வந்தது, ஆறாவது மாடி.

"மாப்ள, நாலாவதா ஒண்ணு வந்திருக்கே."

"ஆமா அத்தான். காலைலதான் போட்டேன்."

"தொட்டேன்." வண்டி ஓடும் சத்தம் இல்லை. படியிலேயேதான் நின்றுகொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். "ஒரு தடவ தொட்டா போதும்ல?"

"போதும் அத்தான்."

"ரெண்டு தடவ தொட்டுட்டேன். பரவால்லயா?"

"பரவால்ல அத்தான்" என்றேன். அன்றைய கணக்கில் ஒரே வீட்டுக்கு இரண்டு படிக்கட்டு என்று விழுந்திருந்தது. நான் அதைத் திருத்தவில்லை.